பழைய காருக்குப் புதுச் சட்டை

சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாண மண்டப வாசலில் பெரிய கார்களுக்கு நடுவே தங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது முகத்தில் தெரியும். என்ஜினில் குறை இல்லை. பெட்ரோலும் அளவாகத்தான் குடிக்கிறது. ஆனால் பார்வைக்கு? பம்பர் வெளுத்துவிட்டது. கதவின் அடிவிளிம்பைத் துரு தின்றிருக்கிறது. வண்டி சோப்புப் பெட்டி மாதிரி நிற்கிறது!

கடையில் போய், முன்பக்கத்துக்கு ஒரு நல்ல பம்பர், பக்கத்துக்கு ஸ்கர்ட்டு, பின்னால் ஒரு ஸ்பாய்லர் என்று விலை விசாரித்தால், வந்த வழியே திரும்பத் தோன்றுகிறது. வாலிபர்கள் இவற்றைச் சேர்த்து 'பாடி கிட்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும், வாங்க முடியாதவனுக்கு அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பலகாரந்தான்.

வாங்க முடியாவிட்டால் செய்துகொள்ளலாம் அல்லவா? செய்துகொள்ளலாம். நம் ஊரில், அதிலும் வட சென்னையில், அதற்கு வேண்டிய கையும் உண்டு, சரக்கும் உண்டு. இல்லாதது இரண்டு. ஒன்று, செய்கிறவனுக்கு உடம்பைக் காத்துக்கொள்ளச் சொல்லித் தரும் ஏற்பாடு. மற்றொன்று, செய்த பொருளுக்குச் சட்டத்தில் ஓர் இடம். இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

வியாசர்பாடியில் மகாகவி பாரதி நகர் எங்கே என்று கேட்டால் பஸ் கண்டக்டரே கொஞ்சம் யோசிப்பார். எம்.கே.பி. நகர் என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார். அங்கிருந்து ஒரு பக்கம் பெரம்பூர். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிரதமர் நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் மணலி, பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும் உள்ள ஊர். கிழக்கே போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அதற்கும் வடக்கே திருவொற்றியூர். அங்கேதான் இந்தியாவின் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் பிறந்தது, எம்.ஆர்.எப். டயர் கம்பெனியும் அங்கே 1946-இல் பலூன் செய்யும் ஒரு சின்னக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் வடக்கே எண்ணூர்.

எண்ணூர் என்றால் லாரி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே முதலில் உருவானது லாரி அல்ல, ஒரு சின்னக் கார்! ரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை நிறுவினார். 1949-இல் 'ஆஸ்டின் ஏ 40' கார் எண்ணூரில் பாகம் பாகமாகப் பூட்டப்பட்டு வெளியே வந்தது. 1955-இல்தான் அந்தக் கம்பெனி அசோக் லேலண்டு ஆயிற்று. ஆக, சின்னக் காருக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு நேற்று முந்தாநாள் ஏற்பட்டதல்ல.

படகுக்கு வந்தது காருக்கும்

காசிமேட்டில் கரையேறி நிற்கும் படகுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டுமரம் குறைந்துவிட்டது. 'பைபர் போட்டு' பெருகிவிட்டது. 1980-களிலேயே தமிழகக் கரையில் பைபர் படகுகள் வரத் தொடங்கின. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் சுனாமி கட்டுமரங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போன பிறகு, நிவாரணமாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பைபர் படகுகளே. அவற்றைக் கட்டவும், ஓட்டை விழுந்தால் ஒட்டவும் கடலோரத்திலேயே ஆட்கள் உருவானார்கள்.

இந்தப் பைபர் என்பது என்ன? கண்ணாடியை நூலாக இழுத்து, வெட்டி, பாய் போல் பரப்பியிருப்பார்கள். அதற்கு 'மேட்' என்று பெயர். அதன்மேல் ரெசின் என்னும் பசையை ஊற்றி உருளையால் தேய்த்தால் பாய் அதைக் குடித்துக்கொள்ளும். ரெசினில் ஏற்கெனவே கலந்த கெமிக்கல் வேலை செய்து, அரை மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். கண்ணாடி இழை பலம் கொடுக்கிறது. ரெசின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. மண்சுவருக்கு வைக்கோல் எப்படியோ அப்படி. உப்புத் தண்ணீர் இதைத் துருப்பிடிக்க வைக்காது. எண்ணூர்க் காற்றில் இரும்பு படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படகுக்குப் பயன்படும் அதே மேட்டும் ரெசினும் காரின் பம்பருக்கும் போதும். இது நம் ஊர் வாலிபர்களின் குறுக்கு வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியே 1953-இல் 'கார்வெட்' காரை முழுக்க முழுக்கப் பைபர் உடம்போடு கொண்டுவந்தது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற மாணவர் 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரை, ஒரு கொட்டகையில் வைத்துப் பிரித்து, புது உடம்பு கட்டினார். அதுதான் லோட்டஸ் கம்பெனியின் முதல் கார். கையில் காசு இல்லாத வாலிபன், ஒரு பழைய சின்னக் கார், ஒரு கொட்டகை. எம்.கே.பி. நகரில் இல்லாத எதுவும் அங்கே இருக்கவில்லை.

நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. சென்னை சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டினார். கோவை ஜி.டி. நாயுடு 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. அதோடு அந்தக் கதை நின்றது. பெங்களூரில் 1982 முதல் 'டால்பின்' என்ற பைபர் உடம்புக் கார் விற்பனைக்கு வந்தது. "இது என்ன, பிளாஸ்டிக் காரா?" என்று ஜனங்கள் தயங்கினார்கள், மறுவருஷமே மாருதி வந்துவிட்டது. ஆனால் ராலிப் பந்தயக்காரர்கள் டால்பினை விரும்பி வாங்கினார்கள். காரணம், எடை குறைவு.

கோவை எஸ். கரிவரதனைத் தனியே சொல்ல வேண்டும். மில் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க இங்கே எத்தனை பேரால் முடியும் என்று யோசித்தார். மாருதி 800-இன் என்ஜினை எடுத்து, இங்கேயே ஓர் ஆள் உட்காரும் பந்தயக் காரைக் கட்டினார். 'பார்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்தக் கார்களில்தான் ஒரு தலைமுறை வாலிபர்கள் பந்தயம் ஓட்டக் கற்றார்கள். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அவர்களில் ஒருவர். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாம் "மட்டமான சரக்கு" என்று ஒதுக்குவதற்கு முன்னால் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மலிவாகச் செய்வது வேறு, மட்டமாகச் செய்வது வேறு.

வட சென்னைக்கே உரிய ஓர் உதாரணமும் உண்டு. அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மீன்பாடி வண்டி! மூன்று சக்கரம், ஒரு பலகை, கழித்துக் கட்டிய மோட்டார் சைக்கிளின் என்ஜின். அவ்வளவுதான். கம்பெனி எதுவும் அதைச் செய்வதில்லை. தெருமுனை வெல்டிங் கடைதான் அதன் தொழிற்சாலை. மோட்டார் பூட்டினால் அதற்குப் பதிவும் கிடையாது, இன்ஷூரன்ஸும் கிடையாது. மோதினால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு எங்கிருந்து வரும்? கைத்திறமைக்குச் சட்டத்தில் இடம் இல்லாதபோது அது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு மீன்பாடி வண்டியே சாட்சி.

அச்சுதான் முதல்

சரி, ஒரு பம்பரை எப்படிச் செய்வது? விவரமாகவே பார்க்கலாம். ஏனென்றால் இந்தத் தொழிலின் சிக்கனம் எங்கே இருக்கிறது என்பது செய்முறையைப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் மாதிரி வேண்டும். பழைய பம்பரையே காரில் வைத்து, அதன்மேல் களிமண்ணோ, பிளாஸ்டர் ஆப் பாரிஸோ, பட்டியோ அப்பி, வேண்டிய வடிவத்துக்கு இழைத்துக்கொள்வார்கள். சிலர் தெர்மோகோலைச் செதுக்குகிறார்கள். இதில் ஒரு சங்கதி. படகுக்குப் பயன்படும் பாலியஸ்டர் ரெசின், தெர்மோகோலின்மேல் நேராகப் பட்டால், வெந்நீரில் விழுந்த பனிக்கட்டி மாதிரி அதைக் கரைத்துவிடும்! ஒரு வாரம் செதுக்கிய மாதிரி ஒரு நிமிஷத்தில் குழியாகிவிடும். ஆகவே, தெர்மோகோலின்மேல் காகிதம் ஒட்டி, பிளாஸ்டர் பூசி, இடைவெளி இல்லாமல் மூடிவிட்டுத்தான் ரெசினைத் தொட வேண்டும்.

மாதிரி கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும். அதில் உள்ள ஒரு சின்னக் கீறலும் நாளைக்குப் பம்பரில் தெரியும். மெழுகை ஐந்தாறு தடவை பூசித் துடைப்பார்கள். பிறகு ஜெல்கோட் என்ற முதல் பூச்சு, அரை மில்லிமீட்டர் கனம். அது பிசுபிசுப்பாகும்போது மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக. இறுகியதும் பிரித்தெடுத்தால் வருவது பம்பர் அல்ல, பம்பரின் அச்சு. அந்த அச்சுக்கு உள்ளே மறுபடியும் மெழுகு, மறுபடியும் ஜெல்கோட், மறுபடியும் மேட். இந்தத் தடவை வருவதுதான் பம்பர்.

எவ்வளவு சரக்கு பிடிக்கும்? மாருதி 800-இன் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. முன் பம்பரை விரித்துப் போட்டால் சுமார் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை மூன்று அடுக்கு போட்டால் 1,350 கிராம். ரெசின் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும், அதாவது சுமார் மூன்று கிலோ. ஜெல்கோட் அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆக மொத்தம் ஐந்து கிலோ சரக்கு. ஓர் ஆளின் இரண்டு நாள் உழைப்பு. அவ்வளவே!

பெரிய கம்பெனி இதை ஏன் மலிவாகத் தர முடியவில்லை என்று கேட்கலாம். கம்பெனிக்காரர்கள் பம்பரைப் பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். அதற்கு இரும்பில் குடைந்த அச்சு வேண்டும். அதன் செலவு தாங்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். மாருதி 800 உற்பத்தியே 2014-இல் நின்றுபோயிற்று. நின்றுபோன காருக்குப் புதுமாதிரிப் பம்பர் செய்ய எந்தப் பெரிய கம்பெனி அச்சு குடையும்? பத்துப் பேருக்கு மட்டும் வேண்டிய பொருளைச் செய்யச் சின்னப் பட்டறையால்தான் முடியும். பைபர் அச்சு ஒன்றில் பத்து, இருபது பம்பர்களைத் தாராளமாக எடுக்கலாம். முதல் பம்பர்தான் விலை. பத்தாவது பம்பருக்கு அச்சுக் கூலி கிடையாது.

அலங்காரம் வீண் செலவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அந்தக் கட்சி அல்ல. ஆயுத பூஜையன்று ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசுகிற ஊர் இது. லாரியின் நெற்றியில் தாமரை வரைகிற நாடு இது. பெரிய கார் வைத்திருப்பவருக்கு அழகைக் கம்பெனியே செய்து கொடுத்துவிடுகிறது. பதினைந்து வருஷத்து மாருதியைத் தவணையில் வாங்கியவர், சொந்தக் கையால் செய்துகொண்டால் மட்டும் அது வீணாகிவிடுமா?

ஆனால் ஸ்பாய்லர் வைத்தால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இறக்கை கொடுக்கும் அழுத்தத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கும். பேசின் பாலத்தில் 30 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்! ஸ்பாய்லர் அழகுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். அதேபோல் ஸ்கர்ட்டை நான்கு அங்குலம் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள், முதல் வேகத்தடையிலேயே அதை உடைத்துக்கொள்கிறார்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்கும் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உடம்பு பத்திரம்

இனி, நமக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறோம்.

ரெசினை இறுக வைக்க இரண்டு கெமிக்கல்கள் சேர்க்கிறார்கள். ஒன்று, ஊதா நிறமான கோபால்ட். மற்றொன்று, தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும் ஹார்டனர். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்டனரை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பையில் நேராக ஊற்றினால் வெடிக்கும்! தீ பிடிக்கும்! பட்டறையில் ஒரே மாதிரி பாட்டில்களில் லேபிள் இல்லாமல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். அந்த நிமிஷமே குழாயடியில் கண்ணைத் திறந்துவைத்துக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழுவாமல் ஓடினால் வழியிலேயே கண் கெட்டுவிடும். கண்ணாடி மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்குவது அல்ல. பக்கவாட்டிலும் மூடியிருக்கிற வேலைக் கண்ணாடி. அதன் விலை ஒரு சினிமா டிக்கெட்டை விட அதிகம் இராது.

ரெசின் வாடை தலைவலியும் மயக்கமும் தரும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். காசிமேட்டுக்காரர்கள் கடல் காற்றில், திறந்த வெளியில் வேலை செய்கிறார்கள். அதே வேலையை வாரியக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு செய்வதா? அதுவும் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கும்போது? கூடாது. மொட்டை மாடியோ காலி மனையோ கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இறுகிய பைபரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் கண்ணாடித் தூள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. தூசு முகமூடி வேண்டும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தூள் பறப்பது பெரிதும் குறையும்.

மீந்த ரெசினை மக்கில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. கெட்டியாக மொத்தமாக இருக்கும் ரெசின் தானே சூடேறிப் புகையும். மெல்லிய தகடாகப் பரப்பினால் அந்தச் சூடு ஆறிவிடும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஹார்டனரைக் குறைத்துப் போடுவதும் இதனால்தான்.

இவற்றையெல்லாம் பையன்கள் யாரிடமிருந்து கற்கிறார்கள்? மேஸ்திரியைப் பார்த்துத்தான். மேஸ்திரி முகமூடி போடாவிட்டால் பையனும் போட மாட்டான். கிண்டியில் 1968 முதல் மத்திய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையம், 'சிப்பெட்', இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. டிங்கரிங் கடைப் பையன்களுக்கும் படகு ஒட்டுகிறவர்களுக்கும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வாரப் பயிற்சி ஒன்றை வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் வந்து நடத்தினால் என்ன குறைந்துவிடும்? சர்டிபிகேட்டு கேட்காமல், கல்லூரிப் படிப்பு கேட்காமல், தமிழில் நடத்த வேண்டும். கோபால்ட்டு, ஹார்டனர் பாட்டில்களின் மேலே அபாய எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று உத்தரவு போடவும் அதிகச் செலவாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கண்டிப்பானது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாறுதலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாறுதல் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரின் முன்னால் கட்டும் இரும்புக் கம்பிக் காப்புகளை அகற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கம்பி காரைக் காக்கும். குறுக்கே வந்த ஆளின் காலை முறித்துவிடும். ஏர்பேக் உள்ள காரில் அது விரியும் நேரத்தையும் குழப்பிவிடும்.

பைபர் பம்பருக்கும் ஒரு குறை உண்டு. கம்பெனிப் பிளாஸ்டிக் பம்பர் இடித்தால் வளைந்து மீளும். பைபர் வளையாது. உடையும். உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஆகவே, உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு வெறும் பைபரை மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். சட்டம் அப்படியே இருக்க, மேலே போடும் சட்டையாக மட்டும் பைபர் இருக்க வேண்டும். விளக்கையும் இன்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது. காரின் வெளியே நீட்டும் பாகங்களைப் பற்றி ஐக்கிய நாடுகளின் வாகன விதி 26 என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக எந்த விளிம்பின் வளைவும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். உப்புத்தாளால் பத்து நிமிஷம் தேய்த்தால் எந்தப் பட்டறையிலும் இதைச் செய்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷம், நாளை சைக்கிளில் வரும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பட்டறைக்காரருக்கு இன்று என்ன லாபம்? ஒன்றும் இல்லை! நன்றாகச் செய்தவரும், ஆணியை வைத்து அடித்து ஒட்டியவரும் போலீஸ்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். ரோட்டில் நிறுத்தினால் எது மாறுதல், எது வெறும் அலங்காரம் என்று விவாதம் நடக்கிறது. விவாதம் எப்படி முடியும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் கதவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெட்ரோல் காருக்குக் காஸ் கிட் பொருத்த அனுமதி இருக்கிறது. கிட்டை ஒரு தடவை பரிசோதித்து அங்கீகரித்துவிடுகிறார்கள். பிறகு அது ஆர்.சி.யில் ஏறிவிடுகிறது. மாற்றுத் திறனாளிகளுக்காகக் காரை மாற்றிக்கொள்ளவும் 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஜெர்மனியில் பம்பர், ஸ்பாய்லர் போன்ற உறுப்புகளையே தனியாகச் சோதித்துச் சான்றுச் சீட்டு கொடுக்கிறார்கள். உறுப்பை வாங்குகிறவர் சீட்டையும் காரில் வைத்துக்கொள்கிறார். போலீஸ்காரர் கேட்டால் சீட்டைக் காட்டுகிறார். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய முழுக் காரையே ஒவ்வொன்றாகப் பரிசோதித்து ரோட்டில் விடுகிறார்கள்.

நாம் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சின்னப் பட்டறைக்காரர் தாம் செய்த ஓர் அச்சையும், அதில் எடுத்த ஒரு மாதிரியையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எடை, விளிம்பு, போல்ட்டின் பிடிப்பு, உடைந்தால் எப்படி உடைகிறது என்பவற்றை அவர்கள் பார்க்கட்டும். சரியாக இருந்தால் அந்த அச்சுக்கு ஓர் எண் கொடுக்கட்டும். அச்சிலேயே அந்த எண்ணைப் பொறித்துவிட்டால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு பம்பரின் உட்புறத்திலும் எண் தானாகவே விழும். கட்டணம் பட்டறைக்காரர் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு வைக்கிற கட்டணத்தையே இவருக்கும் வைத்தால், ஒரகடத்தின் வாசலை இவர் மிதிக்கவே மாட்டார். ஒவ்வொருவராகப் போக முடியாவிட்டால், எம்.கே.பி. நகர், கொடுங்கையூர், திருவொற்றியூர் பட்டறைக்காரர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து போகலாம். மேட்டும் ரெசினும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

போலி எண் அடிப்பார்களே என்ற ஆட்சேபம் எழும். அடிப்பவர்கள் அடிக்கத்தான் செய்வார்கள். காஸ் கிட்டிலும் போலி உண்டு. அதற்காகக் காஸ் கிட்டையே யாரும் தடைசெய்துவிடவில்லை. இன்று எல்லாமே எண் இல்லாத சரக்கு. நாளைக்கு எண் உள்ளது, எண் இல்லாதது என்று இரண்டாகப் பிரியும். வாங்குகிறவருக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மறுக்க ஒரு சாக்கு குறையும்.

இந்த ஏற்பாடு வரும் வரை என்ன செய்வது என்று கேட்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். புது நிறம் அடிப்பதானால் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற மாதிரி மட்டும் செய்யுங்கள். காரின் தகரத்தை அறுக்காதீர்கள். கம்பெனிப் பம்பரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாமல் பரண்மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது. ஜெல்கோட் சுருங்கி முதலைத்தோல் மாதிரி ஆகிவிடும். ஆகவே, அச்சு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் தை பிறக்கும் வரை பொறுத்திருங்கள்.